டிரிப்பனோசோமாவின் மேலுறைப் புரதம் கொழுப்பில் தொங்குவது வெட்டி எறிவதற்காகவா?

தேன்சிட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ஒருசெல் உயிரிகளின் புறப்பரப்புப் புரதங்கள் செல் சவ்வோடு எவ்வாறு இணைந்திருக்கின்றன என்பது அடுத்த வாரக் கருத்தரங்கில் எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. எல்லாவற்றையும் மேலோட்டமாகத் தொட்டுச் செல்வதைவிட ஒன்றை ஊன்றிப் படிக்கலாம் என்று எண்ணி, ஆப்பிரிக்க உறக்க நோயை உண்டாக்கும் டிரிப்பனோசோமா புரூசியை எடுத்துக்கொண்டேன்.

இந்த ஒட்டுண்ணி குருதியில் இருக்கும்போது அதன் உடல் முழுவதும் ஒரே வகைப் புரதத்தால் போர்த்தப்பட்டிருக்கிறது. வி.எஸ்.ஜி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் புரதத்தின் படிகள் ஒரு செல்லின் மேல் ஏறத்தாழ ஒரு கோடி இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூடச் சவ்வைத் துளைத்து உள்ளே செல்லவில்லை, ஒவ்வொன்றும் ஜி.பி.ஐ. எனப்படும் கொழுப்பு நங்கூரத்தால் சவ்வின் வெளி அடுக்கில் மட்டும் ஊன்றி நிற்கிறது. இதற்கு எங்கள் வகுப்புக் குறிப்பில் ஒரே ஒரு காரணம்தான் தரப்பட்டிருக்கிறது: நங்கூரத்தை வெட்டும் நொதி ஒட்டுண்ணியிடமே இருப்பதால், எதிர்ப்பொருள்கள் வந்து ஒட்டியவுடன் பழைய உறையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய உறையை அணிந்துகொள்ள முடியும் என்பது. பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் படமும் வரையப்பட்டிருக்கிறது.

எனக்கு இதில் ஓர் ஐயம். பழைய சட்டையை முழுதாகக் கழற்றிவிட்டுப் புதியதைத் தைக்கத் தொடங்குகிறவர் அதுவரை வெற்றுடம்போடுதானே நிற்க வேண்டும்? குருதியில் அப்படி நிற்கும் செல்லை உடலின் தடுப்பாற்றல் விட்டுவைக்குமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஆழ்குடுவை எழுதியது:

நல்ல ஐயம், தங்கையே. நான் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இந்தக் கத்தரிக்கோல் படத்தை நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

படம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். குருதியில் உள்ள டிரிப்பனோசோமாவின் மேல் அடர்த்தியான ஓர் உறை இருப்பதை 1969இல் கீத் விக்கர்மன் மின்னணு நுண்ணோக்கியில் கண்டு விவரித்தார். 1975இல் ஜார்ஜ் கிராஸ் அந்த உறையின் புரதத்தைத் தூய்மைப்படுத்தினார். அப்போது கிடைத்த புரதம் நீரில் எளிதில் கரைந்தது. சவ்வில் நிலைத்து நிற்க வேண்டிய ஒரு புரதம் இப்படிக் கரைவது புதிராக இருந்தது. செல்லை உடைக்கும் அதே நொடியில் நொதிகளைச் செயலிழக்கச் செய்துவிட்டால் கரையாத இன்னொரு வடிவம் கிடைக்கிறது என்பது 1983இல் தெரியவந்தது. அதாவது, உயிருள்ள செல்லில் புரதம் கொழுப்போடுதான் இருக்கிறது. நாம் செல்லை உடைக்கும்போது அதனுள் அடங்கிக் கிடந்த ஒரு பாஸ்போலைப்பேஸ் நொதி நங்கூரத்தை வெட்டிவிடுகிறது. நாம் கரைசலில் பார்த்தது வெட்டுப்பட்ட புரதம். ஆக, கத்தரிக்கோல் முதலில் கண்ணில் பட்டது ஆய்வகத்தில் செல் சாகும் கணத்தில்தான். நோயாளியின் குருதியில் அது வெட்டுவதை அப்போது எவரும் பார்த்திருக்கவில்லை.

நங்கூரத்தின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். புரதத்தின் கார்பாக்சில் முனையில் ஓர் எத்தனாலமின் பாஸ்பேட், அதற்கடுத்து மூன்று மேனோஸ் சர்க்கரைகள், பிறகு அசிட்டைல் தொகுதி நீக்கப்பட்ட ஒரு குளுக்கோசமைன், அதன்பின் இனோசிட்டால், ஒரு பாஸ்பேட், இறுதியில் கிளிசராலில் பிணைந்த இரண்டு கொழுப்பு அமில வால்கள். வி.எஸ்.ஜி.யில் இந்த இரண்டும் 14 கார்பன் கொண்ட மிரிஸ்டிக் அமிலமாகவே இருக்கும் என்பது இதன் தனித்தன்மை. மைக்கேல் ஃபெர்குசனும் உடனிருந்தோரும் 1988இல் இந்த அமைப்பை முழுமையாக வெளியிட்டார்கள். எந்த உயிரியிலும் முழுதாக விளங்கிய முதல் ஜி.பி.ஐ. நங்கூரம் இதுதான். பின்னர் ஈஸ்ட்டிலும் எலியிலும் மனிதனிலும் பார்த்தபோது நடுவில் உள்ள சர்க்கரைச் சங்கிலி அப்படியே இருந்தது.

நங்கூரம் புரதத்தின் மேல் ஒவ்வோர் அணுவாகக் கட்டப்படுவதில்லை. செல்லுக்குள் இத்தகைய புரதங்கள் உருவாகும் இடமான எண்டோபிளாச வலைப்பின்னலில் அது முன்கூட்டியே செய்து வைக்கப்பட்டிருக்கும். புரதச் சங்கிலி முடிந்தவுடன் அதன் வாலில் உள்ள 17 அல்லது 23 அமினோ அமிலங்களை ஒரு நொதி நறுக்கிவிட்டு, அந்த வெட்டுவாயிலேயே ஆயத்தமாக உள்ள நங்கூரத்தைப் பொருத்திவிடுகிறது.

சிவப்பணு எழுதியது:

ஐயா சொல்வதில் எனக்குச் சிறு மறுப்பு உண்டு. நான் ஒரு குருதியியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். நம் செல்களிலும் நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்கள் இதே நங்கூரத்தில் நிற்கின்றன. பாக்டீரியாவிலிருந்து எடுத்த பாஸ்போலைப்பேஸைச் செல்களின் மேல் ஊற்றினால் அல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்ற நொதி போன்றவை கழன்று வந்துவிடும், ஜி.பி.ஐ. என்ற ஒன்று இருப்பதே 1970களில் அந்த வழியாகத்தான் முதலில் உணரப்பட்டது. வெட்டப்படக்கூடிய இணைப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, அதை வெட்டும் நொதியையும் செல்லுக்கு 30 ஆயிரம் படிகள் அளவில் செய்து வைத்திருக்கும் ஓர் உயிரி, அதைப் பயன்படுத்தவே இல்லை என்று சொன்னால் நம்புவது கடினமாக இருக்கிறது. வீட்டில் அரிவாள்மணை இருந்தால் காய் நறுக்கத்தானே?

ஆழ்குடுவை எழுதியது:

அரிவாள்மணை இருக்கிறது, நறுக்கவும் செய்கிறது. எந்த வேளையில் என்பதுதான் கேள்வி. அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அந்த நொதிக்கான மரபணுவை முற்றிலும் நீக்கிய டிரிப்பனோசோமாக்கள் 1997இல் உருவாக்கப்பட்டன. அவை உயிரோடு இருந்தன, எலியில் தொற்றை உண்டாக்கின, உறையையும் மாற்றிக்கொண்டன. உறை மாற்றத்துக்கு வெட்டுதல் இன்றியமையாதது என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

உறை மாறுவது வேறு வழியில் நடக்கிறது. இந்த உயிரியின் மரபுத்தொகுதியில் 2000க்கும் மேற்பட்ட வி.எஸ்.ஜி. மரபணுக்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பான்மை சிதைந்தவை. பழைய துணி மூட்டையைப் போல, துண்டுகளை ஒட்டித் தைத்தால்தான் பயன்படும். குரோமோசோம் முனைகளுக்கு அருகே ஏறத்தாழ 15 வெளிப்பாட்டுத் தளங்கள், அதாவது வி.எஸ்.ஜி. மரபணு இயங்கக்கூடிய இடங்கள், உண்டு. ஒரு நேரத்தில் அவற்றுள் ஒன்று மட்டுமே இயங்கும். இயங்கும் தளத்தில் உள்ள மரபணுவின் இடத்தில் வேறொன்று படியெடுத்து வைக்கப்பட்டால், அல்லது அந்தத் தளம் அடங்கி இன்னொன்று விழித்துக்கொண்டால், செல் புதிய வி.எஸ்.ஜி.யைச் செய்யத் தொடங்குகிறது. புதியது மேற்பரப்பில் வந்து சேரச் சேர, செல் பிளந்து பெருகும்போது பழையது பங்கிடப்பட்டுக் குறைந்துகொண்டே போகிறது. சில நாட்களுக்கு இரண்டும் கலந்த உறைதான் இருக்கும். வெற்றுடம்பு என்ற நிலையே வருவதில்லை. தேன்சிட்டு, உங்கள் ஐயம் சரியான இடத்தில்தான் குத்தியிருக்கிறது.

இதில் இன்னொரு கூறும் உண்டு. புதிய வி.எஸ்.ஜி. செய்வதை ஆய்வகத்தில் தடுத்துப் பார்த்தபோது, அந்தச் செல்கள் உறை மெலிந்து வாழவில்லை. செல் பிரிதலையே நிறுத்திவிட்டன. அவ்வளவு கவனமாக உறையைக் காக்கும் உயிரி அதை எதிரியின் முன்னிலையில் கழற்றி எறியும் என்று எண்ண இடமில்லை.

நொதி உண்மையாக வேலை செய்வது, ஒட்டுண்ணி உறக்க நோயைக் கடத்தும் செட்சி ஈயின் குடலுக்குள் போன பிறகு. அங்கே குருதிக்கான உறை தேவையில்லை. சில மணி நேரத்தில் அது களையப்பட்டு, புரோசைக்ளின் என்ற வேறு புரதம் போர்த்தப்படுகிறது. அந்தக் களைதலில் இந்தப் பாஸ்போலைப்பேஸும், துத்தநாகம் கொண்ட ஒரு புரதம் பிளக்கும் நொதியும் சேர்ந்து உழைக்கின்றன. இரண்டையும் ஒருசேர நீக்கினால்தான் களைதல் பெரிதும் குலைகிறது.

மேய்ச்சல்நிலம் எழுதியது:

நான் கால்நடை மருத்துவன். உறக்க நோயை நான் பார்த்ததில்லை. ஆனால் இதே குடும்பத்து ஒட்டுண்ணியால் வரும் சர்ரா என்ற நோய் நம் நாட்டில் குதிரையையும் ஒட்டகத்தையும் எருமையையும் வாட்டுகிறது. நோய் உண்டாக்கும் டிரிப்பனோசோமா உலகில் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதே இந்த மண்ணில்தான். 1880இல் அன்றைய பஞ்சாபின், இன்று பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவன்ஸ் அதைக் குதிரை, ஒட்டகங்களின் குருதியில் கண்டார். அதனால்தான் அதன் பெயர் டிரிப்பனோசோமா எவன்சி. ஆப்பிரிக்கக் கால்நடைகளின் நகனா நோயில் டேவிட் புரூஸ் தம் பெயர் தாங்கும் உயிரியைக் கண்டது அதற்கு 15 ஆண்டுகள் கழித்து.

எவன்சிக்குச் செட்சி ஈ தேவையில்லை. குருதி உறிஞ்சும் பெரிய மாட்டு ஈக்கள் ஒரு விலங்கிலிருந்து மற்றொன்றுக்கு வாயில் ஒட்டியபடியே கடத்திவிடும். ஆகவே ஆழ்குடுவை ஐயா சொன்ன, ஈயின் குடலுக்குள் உறை களையும் கட்டம் இதற்கு வாய்ப்பதே இல்லை. இருந்தும் அதே வி.எஸ்.ஜி. உறை, அதே ஜி.பி.ஐ. நங்கூரம். கழற்றும் வேலையே இல்லாத இடத்திலும் அந்த நங்கூரம் நிற்கிறது என்பதை உங்கள் விவாதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

களத்தில் இந்த உறை எங்களைப் படுத்தும் பாடு வேறு. காய்ச்சல் ஏறும் நாளில் குருதியில் ஒட்டுண்ணி மொய்க்கும். இறங்கும் நாளில் தேடினாலும் கிடைக்காது. பிறகு வேறு உறையோடு திரும்பி வரும். மலேரியாவுக்காக நாம் அறிந்த ரொனால்டு ராஸ், 1910இல் தாம்சனோடு சேர்ந்து ஒரு நோயாளியின் குருதியில் நாள்தோறும் எண்ணிப் பார்த்து இந்த ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். நோயறிவதற்கான அட்டைச் சோதனையும் இதே புரதத்தை நம்பித்தான் இயங்குகிறது. பெரும்பாலான ஒட்டுண்ணிகள் தொற்றின் தொடக்கத்தில் அணியும் ஒரு குறிப்பிட்ட வி.எஸ்.ஜி.க்கு எதிரான எதிர்ப்பொருளைத்தான் அது தேடுகிறது. அந்த ஒரு மரபணு இல்லாத வகை எங்காவது உலவினால் சோதனை பொய்த்துவிடும். உறக்க நோய்ச் சோதனைக்குக் கேமரூனிலும், எவன்சிக்குக் கென்யாவிலும் அப்படி நேர்ந்திருக்கிறது.

நீரோட்டம் எழுதியது:

இயற்பியல் பக்கமிருந்து வருகிறேன். எனக்குத் தோன்றும் காரணம் இடநெருக்கடி. ஒரு கோடிப் புரதங்களும் சவ்வைத் துளைத்து நின்றால் சவ்வில் கொழுப்புக்கே இடம் இருக்காது. கொழுப்பு நங்கூரம் குறைந்த இடத்தை எடுத்துக்கொள்வதால் அவ்வளவு நெருக்கமாக அடுக்க முடிகிறது. இதைவிட எளிய விளக்கம் வேண்டுமா?

தேன்சிட்டு எழுதியது:

மேய்ச்சல்நிலம் ஐயாவுக்கு மிகுந்த நன்றி; ஈயின் கட்டம் இல்லாத உயிரியிலும் அதே நங்கூரம் என்ற செய்தி என் குறிப்பில் இல்லை.

நீரோட்டம் அவர்களே, தாங்கள் சொன்னது எனக்கும் சரியெனப் பட்டதால் கணக்கிட்டுப் பார்த்தேன். தவறிருந்தால் திருத்துங்கள். இந்தச் செல்லின் மேற்பரப்பு ஏறத்தாழ 100 முதல் 150 சதுர மைக்ரோமீட்டர். 100 என்றே வைத்துக்கொள்வோம்; அது பத்துக் கோடி சதுர நானோமீட்டர். ஒரு கோடி வி.எஸ்.ஜி. மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து 50 லட்சம் இணைகளாக நிற்பதால், ஓர் இணைக்குக் கிடைக்கும் இடம் 20 சதுர நானோமீட்டர், அதாவது பக்கத்துக்கு நாலரை நானோமீட்டர். புரத இணையின் பருமனோடு ஒப்பிட்டால் வெளியே உண்மையாகவே நெருக்கடிதான்.

ஆனால் சவ்வுக்குள் என்ன நிலை? சவ்வைத் துளைக்கும் ஒரு புரதச் சுருள் ஏறக்குறைய ஒரு சதுர நானோமீட்டர் இடம் பிடிக்கும். ஒரு கோடிச் சுருள்கள் ஒரு கோடி சதுர நானோமீட்டர். மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு வால் கொண்ட கொழுப்பு நங்கூரமும் முக்கால் சதுர நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்ளும். வேறுபாடு பெரிதில்லையே! நெருக்கடி வெளியில் உள்ள புரத உடலால் வருகிறது. நங்கூரத்தை மாற்றினாலும் அது தீராது.

நீரோட்டம் எழுதியது:

கணக்கு சரி. நான் அவசரப்பட்டுவிட்டேன், இடநெருக்கடி வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் நெருக்கடியிலிருந்து இன்னொரு வழி திறக்கிறது. அவ்வளவு நெருக்கத்திலும் இந்த உறை உறைந்து போகாமல் பாய்மமாகவே இருக்கிறது. 1980களின் இறுதியில், உறையின் ஒரு பகுதியை ஒளியால் வெளுக்கச் செய்து, அது மீண்டும் நிறைவதைப் பார்த்து அதன் நகர்ச்சியை அளந்தார்கள். அண்மைக் காலத்தில் 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, வி.எஸ்.ஜி.யின் மேல் உள்ள சர்க்கரைக் கிளைகள் புரதங்களை ஒன்றோடொன்று சிக்காமல் விலக்கி வைப்பதால்தான், நெரிசலின் விளிம்பிலும் அவை நகர முடிகிறது என்று காட்டியது.

இந்த நகர்ச்சி எதற்கு என்பதை மார்க்கஸ் எங்ஸ்ட்லரின் குழு 2007இல் காட்டியது. என் துறைக்காரர்கள் கொண்டாட வேண்டிய ஆய்வு அது. டிரிப்பனோசோமாவின் உடல் முழுவதும் சவ்வுக்கு அடியில் நுண்குழல்கள் கூடைபோல் பின்னப்பட்டிருப்பதால், பொருள்களை உள்வாங்கவும் வெளியேற்றவும் நீந்த உதவும் வால் போன்ற கசையிழை புறப்படும் ஒரே ஒரு பைதான் வழி. அந்தப் பை உடலின் பின்முனைக்கு அருகில் இருக்கிறது. உயிரியோ கசையிழையின் நுனியை முன்னே வைத்து ஓயாமல் நீந்திக்கொண்டிருக்கிறது. வி.எஸ்.ஜி.யின் மேல் எதிர்ப்பொருள் வந்து ஒட்டினால் அது பாய்மரம் போல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எதிர்ப்படும் நீரோட்டம் அந்தப் பாய்மரத்தைப் பின்னோக்கித் தள்ளிப் பையின் வாயில் கொண்டு சேர்க்கும். பை அதை விழுங்கிவிடும். எதிர்ப்பொருள் உள்ளே செரிக்கப்படுகிறது, வி.எஸ்.ஜி. மீண்டும் மேற்பரப்புக்குத் திரும்புகிறது. செல்லைப் பின்னோக்கி நீந்த வைத்தபோது எதிர்ப்பொருள் எதிர்முனையில் சேர்ந்தது என்பதுதான் இந்த விளக்கத்துக்கு வலுவான சான்று. மேற்பரப்பு முழுவதற்கும் ஈடான வி.எஸ்.ஜி. ஏறத்தாழ 12 நிமிடங்களில் ஒருமுறை உள்ளே போய் வருகிறது.

எதிர்ப்பொருள் அளவு மிகுந்துவிட்டால் இந்தக் கழுவல் ஈடுகொடுக்காது. அப்போது உறையை மாற்றிய செல்கள்தான் தப்பும். ஆனால் குறைந்த அளவில் அது நல்ல காப்பு. இப்போது என் வாதம்: அடியில் உள்ள நுண்குழல் கூடையில் சிக்காமல் வழுக்கிச் செல்ல வேண்டுமென்றால், சவ்வின் வெளி அடுக்கில் மட்டும் கால் வைத்திருப்பதே நல்லது. துளைத்துச் செல்லும் புரதத்தின் வால் கூடையில் மாட்டிக்கொள்ளும்.

சிவப்பணு எழுதியது:

கத்தரிக்கோலை நான் கீழே வைத்துவிட்டேன். ஆனால் வழுக்கும் வாதத்தையும் உடனே ஏற்க முடியவில்லை. இதே செல்லின் மேல் ஐ.எஸ்.ஜி.65, ஐ.எஸ்.ஜி.75 என்ற புரதங்கள் இருக்கின்றன. அவை சவ்வைத் துளைத்து உள்ளே வால் நீட்டியிருப்பவை. செல்லுக்குப் பல்லாயிரம் படிகள் உண்டு. அவையும் அதே பைக்கு வந்து உள்ளே போகத்தான் செய்கின்றன. கூடையில் மாட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

மற்ற உயிரிகளைப் பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது. நம் குடலில் வாழும் ஜியார்டியாவுக்கு ஏறத்தாழ 200 மேலுறைப் புரத மரபணுக்கள் உள்ளன. அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் அணிகிறது, அதுவும் உறை மாற்றுகிறது. ஆனால் அதன் புரதங்கள் சவ்வைத் துளைத்து நிற்பவை. உள்ளே நீட்டும் வால் ஐந்தே அமினோ அமிலங்கள். மறுபக்கம், குளத்து நீரில் தன்பாட்டில் வாழும் பாரமீசியத்தின் மேல் பெரிய புரதங்கள் அடர்ந்து நிற்கின்றன. வெப்பநிலை மாறினால்கூட அது உறையை மாற்றிக்கொள்ளும். அவை ஜி.பி.ஐ. நங்கூரத்தில் நிற்பவை. குளத்தில் எந்த எதிர்ப்பொருளும் இல்லை. ஆக, உறை மாற்ற ஜி.பி.ஐ. தேவையில்லை, ஜி.பி.ஐ. இருந்தால் அது தடுப்பாற்றலிடமிருந்து தப்பத்தான் என்றும் இல்லை.

ஆழ்குடுவை எழுதியது:

இந்த இழையில் நான் படித்தவற்றில் மிகக் கூர்மையான பதிவு இதுதான், சிவப்பணு. நீங்கள் சுட்டிய ஐ.எஸ்.ஜி. புரதங்களில்தான் விடையின் ஒரு நுனி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவையும் வி.எஸ்.ஜி.யும் ஒரே பையின் வழியாகத்தான் உள்ளே போகின்றன. போன பிறகு அவற்றின் விதி வேறாகிறது. ஐ.எஸ்.ஜி.65இன் வால் செல்லின் உட்புறத்தில் இருப்பதால், அங்குள்ள இயந்திரம் அந்த வாலில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலங்களின் மேல் யுபிகுயிட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்ட முடிகிறது. அழிக்க அனுப்பு என்ற முத்திரை அது. முத்திரை பெற்றவை செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்குப் போய்ச் சில மணி நேரத்தில் சிதைகின்றன. வி.எஸ்.ஜி.க்கு உட்புறத்தில் வாலே இல்லை. முத்திரை குத்த இடமில்லை. அது போய்ப் போய் மீண்டு வருகிறது. அதன் அரை ஆயுள் 30 மணி நேரத்துக்கும் மேல், அதாவது செல் பலமுறை இரட்டிக்கும் காலம். ஒரு கோடிப் படிகளை 12 நிமிடத்துக்கு ஒருமுறை கழுவி எடுக்கும் உயிரிக்கு, ஒவ்வொரு கழுவலிலும் துணி கிழிந்தால் கட்டுப்படியாகுமா?

நங்கூரம் வெறும் வால் இல்லாமை மட்டுமன்று, தானே ஓர் அடையாளமாகவும் செயல்படுகிறது. நங்கூரம் பொருத்தப்படாத வி.எஸ்.ஜி. எண்டோபிளாச வலைப்பின்னலை விட்டு மிக மெதுவாகவே வெளியேறுகிறது. நங்கூரங்களின் எண்ணிக்கையும் கணக்கில் வருகிறது. வி.எஸ்.ஜி. இணைக்கு இரண்டு நங்கூரங்கள். அது மேற்பரப்பில் நிலைக்கிறது. இரும்பைக் கொண்டுவரும் டிரான்ஸ்ஃபெரினைப் பிடிக்கும் ஏற்பி, வி.எஸ்.ஜி.யின் உறவுப் புரதங்கள் இரண்டு சேர்ந்த இணைதான். ஆனால் அதில் ஒன்றுக்கு மட்டுமே நங்கூரம். அது பையிலேயே தங்கி, விரைவில் லைசோசோமுக்குப் போகிறது. ஜேம்ஸ் பேங்ஸ் குழுவினர் இந்த எண்ணிக்கை வேறுபாட்டைத் தனித்துச் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

மலேரியா ஒட்டுண்ணியை எதிர்ப்புறத்தில் வைத்துப் பாருங்கள். பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் சிவப்பணுவின் மேல் நிறுத்தும் பி.எஃப்.இ.எம்.பி.1 புரதமும் ஏறக்குறைய 60 மரபணுக்களிலிருந்து ஒவ்வொன்றாக மாறி மாறி வருவதுதான். ஆனால் அது சவ்வைத் துளைத்து, தன் வாலால் உட்புறத்துப் புடைப்புகளைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. ஏனென்றால் அதற்குப் பிடிமானம் வேண்டும்; குருதி ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படாமல் நாளச் சுவரில் ஒட்டிக்கொள்வது அதன் வேலை. வி.எஸ்.ஜி. எதையும் பற்ற வேண்டியதில்லை, உள்ளே எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. உள்ளேயுள்ள இயந்திரங்கள் கையில் பிடித்துக்கொள்ள முடியாதபடி நிற்பதுதான் அதற்கு வசதி.

பாரமீசியத்துக்கு இதே காரணம்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே நங்கூரம் வெவ்வேறு உயிரிகளில் வெவ்வேறு வசதிக்காக நிலைத்திருக்கலாம்.

நீரோட்டம் எழுதியது:

அப்படியென்றால் என் வழுக்கும் வாதத்தில் கூடையைக் கழித்துவிட்டு, முத்திரையை வைத்துக்கொள்கிறேன். பாய்மரம் மட்டும் என்னுடையதாக இருக்கட்டும்.

மேய்ச்சல்நிலம் எழுதியது:

வால் உள்ள புரதம், வால் இல்லாத புரதம் என்ற இந்தப் பிரிவு மருந்துப் பெட்டி வரை வருகிறது என்பதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். சர்ராவுக்கும் உறக்க நோயின் முதல் கட்டத்துக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்ட சுராமின் என்ற மருந்து செல்லுக்குள் போவது ஐ.எஸ்.ஜி.75இன் தயவால். அந்தப் புரதம் குறைந்தால் மருந்தின் வீரியமும் குறைகிறது என்பது 2012இல் தெரியவந்தது.

மகாராட்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் 2004இல் ஓர் உழவருக்கு எவன்சி தொற்றியபோது கொடுக்கப்பட்டதும் சுராமின்தான். பொதுவாக எவன்சி மனிதரைத் தாக்காது. நம் குருதியில் உள்ள அப்போ-எல்1 என்ற புரதம் அதைக் கொன்றுவிடும். அந்த உழவருக்கு அந்தப் புரதத்தின் இரண்டு மரபணுப் படிகளும் பழுதுபட்டிருந்தன. அப்போ-எல்1 டிரிப்பனோசோமாவுக்குள் நுழைய ஒரு வழி, ஹீமோகுளோபினைப் பிடிக்கும் ஏற்பி. அந்த ஏற்பியும் ஜி.பி.ஐ. நங்கூரத்தில் நிற்பதே. கிழக்கு ஆப்பிரிக்காவில் மனிதரைத் தாக்கும் வகை அப்போ-எல்1ஐ முறியடிக்க வைத்திருக்கும் புரதமோ, வி.எஸ்.ஜி. ஒன்றிலிருந்தே உருமாறி வந்தது.

தேன்சிட்டு எழுதியது:

நங்கூரத்தையே குறிவைத்து மருந்து செய்ய எவரும் முயலவில்லையா, ஐயா?

ஆழ்குடுவை எழுதியது:

முயன்றிருக்கிறார்கள். மிரிஸ்டிக் அமிலத்தைப் போல் நடிக்கும் ஒரு பொய்யான கொழுப்பு அமிலம், ஓர் கார்பனுக்குப் பதிலாக ஆக்சிஜன் வைக்கப்பட்டது, ஆய்வகத்தில் இந்த ஒட்டுண்ணியைக் கொல்கிறது என்று பால் எங்லண்டின் ஆய்வகத்தார் உள்ளிட்டோர் 1991இல் வெளியிட்டார்கள். குருதியில் வாழும் கட்டத்தில் நங்கூரத் தயாரிப்பைத் தடுத்தால் செல் பிழைக்காது என்பது மரபணு நீக்கத்தாலும் 2000இல் உறுதியானது. ஈயின் கட்டத்தில் அதே நீக்கத்தைச் செல் தாங்கிக்கொள்கிறது. ஆனால் இந்த நங்கூரம் நமக்கும் வேண்டியது என்பதுதான் இடைஞ்சல். சிவப்பணு இதைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்வார்.

சிவப்பணு எழுதியது:

சுருக்கமாக: நங்கூரத் தயாரிப்பின் முதற்படிக்குத் தேவையான பிக்-ஏ என்ற மரபணு எலும்பு மச்சையின் ஒரு தாய்செல்லில் பழுதானால், அதன் வழிவந்த சிவப்பணுக்களில் சி.டி.55, சி.டி.59 என்ற காப்புப் புரதங்கள் நிற்க இடமின்றிப் போகின்றன. பிறகு அயல் செல்களைத் துளைத்துக் கொல்ல வேண்டிய நம் குருதியின் நிரப்புப் புரதங்களே நம் சிவப்பணுக்களை உடைக்கும். காலையில் சிறுநீர் கருத்து வரும். என் மேசைக்கு வரும் மாதிரிகளில் இந்நோயைக் கண்டறிய நாங்கள் பயன்படுத்துவது, ஜி.பி.ஐ. நங்கூரத்தை நேரடியாகப் பற்றும் ஒரு பாக்டீரிய நச்சுப் புரதத்தில் ஒளிரும் சாயம் ஏற்றியது. ஒளிராத செல்லே நோயுற்ற செல்.

தேன்சிட்டு எழுதியது:

கருத்தரங்கு நேற்று முடிந்தது. கத்தரிக்கோல் படத்தை ஈயின் குடலுக்குள் நகர்த்தி வைத்தேன். குருதிக் கட்டத்துக்குப் பாய்மரப் படத்தையும், வாலுள்ள புரதமும் வாலில்லாப் புரதமும் ஒரே பையில் நுழைந்து வேறு வேறு வழியில் பிரியும் படத்தையும் வரைந்தேன். பேராசிரியை ஒரே கேள்வி கேட்டார், விடை தெரியாமல் நின்றுவிட்டேன். ஈயின் குடலில் வி.எஸ்.ஜி.யை வெட்டும் அதே நொதி, அங்கே புதிதாக வரும் புரோசைக்ளினையும் ஏன் வெட்டிவிடுவதில்லை? அதுவும் ஜி.பி.ஐ. நங்கூரத்தில்தானே நிற்கிறது?

ஆழ்குடுவை எழுதியது:

நல்ல பேராசிரியை வாய்த்திருக்கிறார். அந்த நொதி வெட்டும்போது இனோசிட்டாலின் இரண்டாம் இடத்தில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி பாஸ்பேட்டோடு வளையமாக மூடிக்கொள்ள வேண்டும். அந்த வளையம் உருவாகாமல் வெட்டு நிகழாது. வி.எஸ்.ஜி.யின் நங்கூரத்தில் அந்த இடம் திறந்திருக்கிறது. புரோசைக்ளினின் நங்கூரத்தில் அதே இடத்தில் ஒரு கூடுதல் கொழுப்பு அமிலம் உட்கார்ந்துகொண்டு வழியை அடைத்துவிடுகிறது. ஈயின் செரிமான நொதிகள் புரோசைக்ளினின் தலைப்பகுதியை நறுக்கிவிடுகின்றன. ஆனால் எஞ்சும், ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும் தண்டுப் பகுதியை அவற்றால் கடிக்க முடிவதில்லை. அந்தத் தண்டுகள் நங்கூரத்தோடு அப்படியே நிற்கின்றன.